நவச்சாரம் போட்ட மிட்டாயும், ஊருக்கு ஊர் மாறும் மிட்டாய்ப் பெயர்களும்

ஒரு வாசகரின் கேள்வி, 2024 செப்டம்பர் 7

பின்லாந்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒரு கறுப்பு மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்தான். வாயில் போட்ட வேகத்தில் துப்பிவிட்டேன். உப்பு, கசப்பு, மூக்கில் ஒரு குத்து. உறையில் அம்மோனியம் குளோரைடு என்று போட்டிருக்கிறது. அது நம்ம ஊர் நவச்சாரம்தானே? கள்ளச்சாராய ஊறலில் போடுவார்கள் என்று சொல்வார்களே, அது? இதை மிட்டாய் என்று எப்படிச் சொல்கிறார்கள்? மிட்டாய் என்றால் இனிக்க வேண்டாமா?

என் பதில், செப்டம்பர் 7, இரவு

அதேதான். அம்மோனியம் குளோரைடும் நவச்சாரமும் ஒன்றுதான். மிட்டாயின் பெயரே சல்மியாக்கி. லத்தீனில் நவச்சாரத்துக்கு சால் அம்மோனியாக்கம் என்று பெயர், அது தேய்ந்து சல்மியாக் ஆனது. ஒளிவுமறைவே இல்லை, போடுகிற சரக்கின் பெயரையே மிட்டாய்க்கும் வைத்துவிட்டார்கள்.

பின்லாந்து மட்டுமில்லை. சுவீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மனியின் வடபகுதி எல்லா இடத்திலும் இது உண்டு. நான் நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருந்தவன். அங்கே இதற்கு டிராப் என்று பெயர். சந்தையில் இதற்கென்றே தனிக் கடை போட்டிருப்பார்கள். பூனை வடிவம், காசு வடிவம், சாய்சதுரம் என்று எல்லாம் கறுப்பாகவே குவிந்து கிடக்கும். சின்னக் கரண்டியால் அள்ளிக் காகிதப் பையில் போட்டு எடைக்கு விற்பார்கள். ஆளுக்கு வருடத்துக்கு 2 கிலோ வரை தின்கிறார்கள் என்று அந்த நாட்டுக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். இனிப்பு டிராப், உப்பு டிராப், இரட்டை உப்பு டிராப் என்று வகை உண்டு. இரட்டை உப்பில் டி, இசட் என்று இரண்டு எழுத்து அழுத்தியிருக்கும், டச்சு மொழியில் இரட்டை உப்பு என்பதன் முதலெழுத்துகள். விஷயம் தெரியாதவர்கள் கையில் எடுக்கும் முன்பே ஓர் எச்சரிக்கை.

நீங்கள் சீக்கிரம் துப்பிவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். இரட்டை உப்பை வாயில் போட்டால் முதலில் உப்பு நாக்கின் ஓரத்தைக் கவ்வும். அப்புறம் அந்தக் குத்து, மேலண்ணம் வழியாக மூக்குக்கு ஏறும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் மெதுவாக ஓர் இனிப்பு வரும். சர்க்கரையின் இனிப்பு இல்லை அது. தொண்டைக்குள் இறங்கி, மிட்டாய் கரைந்து போன பிறகும் வெகுநேரம் நிற்கும். அது வரும் முன்பே துப்பிவிட்டால் மிட்டாயில் பாதியைத்தான் தின்றதாகக் கணக்கு.

செப்டம்பர் 8

நவச்சாரம் என்றதும் உங்களுக்குக் கள்ளச்சாராயம் ஞாபகம் வருகிறது. எனக்கு ஈயம் பூசுகிறவர்தான் வருவார். தெருமுனையில் பள்ளம் தோண்டி, கரி கொட்டி, துருத்தியை மிதிப்பார். பித்தளைப் பாத்திரம் நன்றாகச் சூடேறியதும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவி, பழந்துணியால் உள்ளே ஒரு சுற்றுத் தேய்ப்பார். குபுக்கென்று வெண்புகை எழும். சுற்றி நிற்கிற பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வோம், அடுத்த பாத்திரத்துக்கு மறுபடி நெருங்கி வருவோம். அந்தப் பொடிதான் நவச்சாரம். சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். ஹைட்ரஜன் குளோரைடு பித்தளை மேல் படிந்த ஆக்சைடு அழுக்கைத் தின்றுவிடும், அதற்குப் பிறகு ஈயக்குச்சியை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பாத்திரம் முழுக்க வெள்ளி மாதிரிப் பரவிவிடும்.

சந்தையில் முதன்முதலாக இரட்டை உப்பு டிராப் வாயில் போட்டபோது எனக்கு அந்தப் புகைதான் நினைவுக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ துப்பத் தோன்றவில்லை.

செப்டம்பர் 8, மாலை

ஒன்று விட்டுப்போனது. நவச்சாரத்தை நீங்கள் ஏற்கெனவே குடித்திருப்பீர்கள். வீட்டில் இருக்கிற இருமல் சிரப் பாட்டிலை எடுத்துப் பின்னால் படித்துப் பாருங்கள். பலவற்றில் அம்மோனியம் குளோரைடு இருக்கும். சளியை இளக்குவதற்காகச் சேர்ப்பது. சிரப்பின் இனிப்புக்குப் பின்னால் ஒரு கரகரத்த உப்பு வருமே, அதுதான்.

செப்டம்பர் 10

இருமல் சிரப்பைச் சொன்னதும் பலர் "அப்போ அது மருந்துதான், மிட்டாய் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

அந்தக் கறுப்பு மிட்டாயில் நவச்சாரம் தவிர இன்னொரு சரக்கும் இருக்கிறது. அதுதான் முதன்மையானதும்கூட. அதிமதுரம். நம்ம நாட்டு மருந்துக் கடையில் குச்சி குச்சியாகக் கட்டி வைத்திருக்கும் அதே வேர். தொண்டை கட்டினால் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள், பாடகர்கள் கச்சேரிக்கு முன்னால் மெல்லுவார்கள். அந்த வேரைக் கொதிக்கவைத்து வடித்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் கறுப்புக் கட்டி கிடைக்கும். சல்மியாக்கியின் கறுப்பு அதிலிருந்து வருவது. அதிமதுரமும் நவச்சாரமும் சேர்ந்தால் அசல் இருமல் மருந்து. வட ஐரோப்பாவில் இதை மருந்துக் கடைகளில்தான் முதலில் விற்றார்கள். பின்லாந்தில் இன்றைக்கும் மருந்துக்கடை சல்மியாக்கி என்ற பெயரிலேயே ஒரு பெட்டி விற்பனையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் பான்டிஃப்ராக்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு காலத்தில் அதிமதுரமே பயிர் செய்தார்கள். ஊரின் கோட்டைப் படத்தை முத்திரையாக அழுத்தி, கறுப்பு வில்லைகளை மருந்தாக விற்றுவந்தார்கள். 1760-ல் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்துக்கடைக்காரர் அதில் சர்க்கரையைச் சேர்த்தார். மருந்து வில்லை மிட்டாய் ஆகிவிட்டது.

இப்போது நம்ம பெட்டிக்கடைப் பாட்டில்களைப் பாருங்கள். இஞ்சி மரப்பா எதற்கு? பித்தத்துக்கு. சீரக மிட்டாய் செரிமானத்துக்கு. சுக்கு மிட்டாய் வாயுவுக்கு. சூட மிட்டாய் தொண்டைக்கு. எல்லாமே மருந்துப் பெட்டியிலிருந்து இறங்கி வந்தவைதான். நாம் சின்ன வயசிலேயே பழகிவிட்டதால் அவை விசித்திரமாகத் தெரியவில்லை. இஞ்சியின் காரம் ஐந்து வயசுப் பிள்ளைக்கு நியாயமான மிட்டாய் ருசியா என்று ஒரு பின்லாந்துக்காரர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

என் கட்சி இதுதான்: விசித்திர ருசி உள்ள மிட்டாய்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மருந்து. நோய் போனது, ருசி தங்கிவிட்டது.

செப்டம்பர் 11

அந்த வேருக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். நமக்கு அதிமதுரம். மலையாளத்தில் இரட்டிமதுரம். கிரேக்கத்தில் கிளிக்கிரைசா, இனிப்பு வேர் என்று பொருள், ஆங்கிலத்தின் லிகரிஸ் அதன் பேத்திதான். டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இனிப்புக் கட்டை என்கிறார்கள். சீனர்கள் கான்ட்சாவ், இனிப்புப் புல். ஒருவரைப் பார்த்து ஒருவர் வைத்த பெயர்கள் என்று தோன்றவில்லை. யார் கடித்துப் பார்த்தாலும் முதலில் சொல்லத் தோன்றுவது இனிப்பு என்பதுதான் போல. காரணம் அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள், சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு.

யார்க்‌ஷயர்காரர்கள் மட்டும் இதை ஸ்பானிஷ் என்று கூப்பிடுவார்கள்.

செப்டம்பர் 13

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நேற்றே எழுதியிருக்க வேண்டிய குறிப்பு.

அந்தக் கிளிசிரைசின் உடம்பில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் வாரக்கணக்கில் தினமும் ஒரு பொட்டலத்துக்கும் மேல் கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்று இதயம் நின்று இறந்துபோனார். 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்தச் செய்தி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளிசிரைசின் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் உறையிலேயே இரத்த அழுத்த எச்சரிக்கை போட வேண்டும். பின்லாந்தில் கர்ப்பிணிகளை இதை அதிகம் தின்ன வேண்டாம் என்று பொதுச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஜெர்மனியில் நவச்சாரம் 2 சதவீதத்துக்கு மேல் போனால் "பெரியவர்களுக்கு, சிறுவர்களுக்கு அல்ல" என்று எழுத வேண்டும்.

எப்போதாவது ஒன்றிரண்டு தின்பதால் ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிமதுரப் பொடியைத் தினமும் பாலில் கலந்து குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் நம்ம வீடுகளில் சுற்றுகின்றன. என் அம்மாவுக்கும் வந்தது. அவர் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றைக்கே பொடி டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். நாட்டு மருந்து என்பதால் ஒன்றும் செய்யாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை செய்கிற மருந்து என்பதால்தான் கவனம் தேவை.

செப்டம்பர் 14

"மிட்டாய் என்றால் இனிக்க வேண்டாமா" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: கொட்டாங்குச்சியில் வைத்து நக்கிய புளியை மறந்துவிட்டீர்களா?

செப்டம்பர் 14, இரவு

ஒரு வரி போதாதாம், விளக்கச் சொல்கிறார்கள்.

புளி, உப்பு, மிளகாய், வெல்லம், கொஞ்சம் சீரகம். இடித்து உருட்டி, விளக்குமாற்றுக் குச்சியில் குத்தி நக்கினோம். அதே பண்டம் மெக்சிகோவில் கடைக்குக் கடை விற்கிறது. புளியும் மிளகாயும் உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த கட்டி, அங்கே பிள்ளைகளுக்கு உயிர். மிளகாய் அவர்கள் ஊரிலிருந்து நமக்கு வந்தது, புளி இந்தப் பக்கத்திலிருந்து அவர்களுக்குப் போனது. பார்க்காமலே இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மிட்டாயில் வந்து நிற்கிறார்கள். எனக்கு இது ரொம்பச் சந்தோஷமான விஷயம்.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் ஆட்டுக்கறி ருசியில் கேரமல் விற்கிறார்கள். ஜிங்கிஸ்கான் என்பது அந்த ஊர் இரும்புக் கல்லில் சுடும் ஆட்டுக்கறி, அதன் பெயரிலேயே மிட்டாய். ஆனால் அது ஊர் சுற்ற வந்தவர்கள் வாங்கிப்போகிற வேடிக்கைப் பண்டம். சல்மியாக்கியை அந்த வரிசையில் வைக்கக் கூடாது. அதை அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே தின்கிறார்கள்.

செப்டம்பர் 17

நவச்சாரத்தின் ருசி உப்பா கசப்பா புளிப்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழாம் தேதி நான் உப்பு என்றும் குத்து என்றும் எழுதினேன், அது நாக்குக்குத் தெரிந்தது. உள்ளே நடப்பது வேறு.

2023 அக்டோபரில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமிலி லைமன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாக்கில் புளிப்பை உணரும் செல்களில் ஓடாப்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. புளிப்பான பண்டத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே விடும் வாசல் அது. அம்மோனியம் குளோரைடும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. அதிலிருந்து பிரியும் அம்மோனியா செல்லுக்குள் நுழைந்து உள்ளேயிருக்கும் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட வெளியிலிருந்து அயனிகள் ஓடாப்1 வழியாக உள்ளே பாய்கின்றன, செல் மூளைக்குச் சேதி அனுப்புகிறது. இந்தப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகள் அம்மோனியம் குளோரைடு கலந்த தண்ணீரை ஒதுக்கவே இல்லை.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு, காளான் மாதிரியான ருசி) என்ற ஐந்தோடு இதை ஆறாவது அடிப்படைச் சுவையாகச் சேர்க்கலாமா என்பது இப்போது அந்தத் துறையில் பேச்சு. நமக்கு ஏற்கெனவே அறுசுவை இருக்கிறதே என்று கேட்க வேண்டாம். நம்ம கார்ப்பும் துவர்ப்பும் வேறு கணக்கு.

செப்டம்பர் 21

பெயர்கள் பக்கம் போவோம், நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

மிட்டாய் இந்தி மிட்டாயிலிருந்து வந்தது என்பது தெரிந்ததே. ஆனால் அங்கே அது லட்டு, ஜிலேபி, பால் பண்டம் எல்லாவற்றையும் குறிக்கும். நாம் அதைப் பாட்டிலில் இருக்கும் சின்ன உருப்படிகளுக்கும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் ஒதுக்கிவிட்டு, லட்டுக்கு வேறு பெயர் சொல்கிறோம். இலங்கைத் தமிழர்கள் ரொபி என்று எழுதுவார்கள், டாஃபிதான். மலாயில் குலா-குலா, குலா என்றால் சர்க்கரை. இந்தோனேசியாவில் பெர்மென். டச்சுக்காரர்கள் கொண்டுபோன பெப்பர்மின்ட், ஒரு வகையின் பெயர், எல்லா மிட்டாய்க்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. பிரெஞ்சில் பான்பான், "நல்லது நல்லது". குழந்தைப் பேச்சு அப்படியே அகராதியில் ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லாலி.

கேண்டி என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் பிரெஞ்சு, அரபு, பாரசீகம் என்று நடந்து சமஸ்கிருத கண்டத்தில் வந்து நிற்கும். நம்ம கற்கண்டில் இருக்கும் கண்டு அதே குடும்பம்தான். அந்தக் கண்டமே திராவிட வேரிலிருந்து போயிருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

சுவீடனில் மிட்டாய்க்கு கோடிஸ் என்று பெயர். அதில் சனிக்கிழமை மிட்டாய் என்றே ஒரு சொல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மிட்டாய். கேட்க அழகாக இருக்கும், பின்னால் இருக்கும் கதை அழகில்லை. லுண்ட் ஊருக்குப் பக்கத்தில் விப்பெஹோல்ம் என்ற மருத்துவமனை. மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இடம். 1940-களின் பின்பாதியில் தொடங்கி அங்கே பல் சொத்தை ஆராய்ச்சி நடந்தது. பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகத் தயாரித்த டாஃபியை அவர்களுக்கு நாள் முழுக்கக் கொடுத்தார்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ அவர்களால் முடியாது. பலருக்குப் பல்லே போய்விட்டது. இடையிடையே கொறித்துக்கொண்டே இருப்பதுதான் பல்லைக் கெடுக்கிறது, மொத்தமாக ஒரே வேளையில் தின்றால் அவ்வளவு கெடுதி இல்லை என்பது தெரிந்தது. அதிலிருந்துதான் வாரம் ஒரு நாள் என்ற அறிவுரை வந்தது. பிள்ளைகள் சனிக்கிழமை பை நிறைய அள்ளும்போது இதையும் யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 22

அதிகப் பெயர் வாங்கிய பண்டம் எது என்று போட்டி வைத்தால் பஞ்சு மிட்டாய்தான் ஜெயிக்கும். நாமும் சீனர்களும் ஜப்பானியர்களும் பஞ்சு என்கிறோம். இந்தியில் கிழவியின் கூந்தல், கிரேக்கத்திலும் கிழவியின் கூந்தலேதான். ஹீப்ருவில் பாட்டியின் கூந்தல். பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்பாவின் தாடி. தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்களுக்குப் பேயின் மூச்சு. இதை முதலில் கேட்டபோது என் மகள் நாள் பூராவும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இயந்திரத்தில் இதை நூற்கும் வழியை 1897-ல் உருவாக்கிய இருவரில் வில்லியம் மாரிசன் ஒரு பல் மருத்துவர். 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 25 சென்ட் விலைக்கு 68,655 பெட்டிகள் விற்றன.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது எல்லோருக்கும் தெரியும், புதுச்சேரி அதற்கும் முன்னால் தடை போட்டது. துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததுதான் காரணம். சல்மியாக்கியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம், அதில் என்ன இருக்கிறது என்று உறையில் எழுதியிருக்கிறது. கடற்கரையில் குச்சியில் சுற்றிக் கொடுத்த ரோஸ் நிறத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளையாக, சாயம் போடாமல் கொடுத்தால் நான் மகளுக்கு வாங்கித் தருவேன்.

செப்டம்பர் 25

நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் வாங்கி வீட்டிலேயே சல்மியாக்கி செய்யலாமா என்று கேட்டிருப்பவருக்கு: வேண்டாம். கடையில் கிடைப்பது ஈயம் பூசவும் மற்ற வேலைகளுக்கும் வருகிற கட்டி, உண்பதற்கான தூய்மை அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

வீட்டில் கை பரபரக்கிறது என்றால் புளி மிட்டாய் செய்யுங்கள். கொட்டையும் நாரும் எடுத்த புளி ஒரு பங்கு, பொடித்த வெல்லம் ஒரு பங்கு. காய்ந்த மிளகாய் இரண்டை வறுத்து, சீரகம், கல்லுப்பு, புளி, வெல்லம் எல்லாவற்றோடும் சேர்த்து அம்மியில் அரைத்து எடுங்கள். மிக்ஸியில் போட்டால் மசியும்போது சூடாகி இளகிவிடும், அதனால் விட்டு விட்டு ஓட்டுங்கள். பழைய புளியாக இருந்தால் கறுப்பாக வரும், ருசி அதில்தான் நன்றாக இருக்கும். கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி உருட்டி, வெல்லம் இளகினால் கொஞ்ச நேரம் நிழலில் வையுங்கள்.